என் கண்ணும் பெரியம்மாவின் காதும்

ஈனஸ் மாமாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அந்த ஆஸ்பத்திரியில் எழுதியே வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. நோயாளியின் பெயர், அன்றைய நர்ஸின் பெயர், அதற்குக் கீழே: 'குழப்பம். கேள்விக்குப் பொருந்தாத பதில்.' பக்கத்தில் யாரோ மஞ்சள் பேனாவால் ஒரு சிரித்த முகம் வேறு வரைந்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஆனால் அது திறக்கிற ஜன்னல் இல்லை.

காலையில் ஜின்ஸி பெரியம்மா போன் செய்திருந்தாள்.

"லேசி, உங்க மாமா எழுதறான்டி. தொண்டையில குழாய் வச்சதுலேர்ந்து பேச்சு இல்லல்ல, பேனா கேட்டு வாங்கி எழுதிக்கிட்டே இருக்கான். நம்ம எழுத்துல. அந்த நர்ஸ் பொண்ணு அதப் பாத்துப் பாத்து பாவம் பாவம்னு உச்சுக் கொட்டுது. அது எங்க எழுத்தும்மான்னு சொன்னேன். அப்படியான்னு சிரிச்சுட்டுப் போயிடுச்சு. நீ வா. வரும்போது உன் பட்டத்தையும் எடுத்துக்கிட்டு வா."

பட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கோழி வெட்டும் ஆலையில் நிற்கிறாள், இன்றும் நிற்கிறாள். நான் எங்கள் செரோக்கிப் பழங்குடியின் மொழியைப் பாடமாக எடுத்துப் படித்தேன். நிறங்கள் தெரியும், மிருகங்கள் தெரியும், உடம்பின் உறுப்புகள் தெரியும், 'எப்படி இருக்கீங்க', 'நல்லா இருக்கேன்' தெரியும். எழுத்து எண்பத்தைந்தும் தலைகீழாகத் தெரியும். எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். மொழியைக் கொடுக்கவில்லை. இப்போது எங்கள் செரோக்கி தேசத்தின் அலுவலகம் ஒன்றில் பெயர்ப் பலகைகளுக்கு எழுத்து அடுக்குகிறேன். தெருமுனையில் 'நில்' என்று சிவப்பில் நிற்பது, கழிப்பறைக் கதவில் 'பெண்கள்' என்று தொங்குவது எல்லாம் என் கை அடுக்கியது. எவரோ எழுதித் தருவதை அடுக்குவேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது.

பெரியம்மா நேர் எதிர். செரோக்கியில் பேசுவாள், திட்டுவாள், கனவு காண்பாள், நாயைக் கூப்பிடுவாள். ஆனால் ஓர் எழுத்து தெரியாது. அவளுடைய அப்பா பையன்களை மட்டும் சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் புதிய ஏற்பாட்டை வைத்து வாசிக்கப் பழக்கினார். "அப்ப நான் அடுப்புல ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன்" என்பாள். ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வாள். திறக்க மாட்டாள். எல்லாப் பாட்டும் மனப்பாடம். அந்தப் பாட்டுகளுக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பவர் அவளுடைய தம்பி, எங்கள் ஈனஸ் மாமா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெரியப்பா போன பிறகு அக்காவும் தம்பியும் ஸ்டில்வெல் பக்கத்து மலையில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

மாமாவுக்கு ஆங்கிலம் பேச வரும். எழுத வராது. அவர் எழுதினால் எங்கள் எழுத்துதான்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியாக இருந்தால் துப்புரவு செய்கிற பெண்ணே பார்த்துச் சொல்லியிருப்பாள். அங்கே படுக்கை இல்லை என்று மாநில எல்லை தாண்டி ஆர்கன்சாஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டியது ஒரு பக்கம். இடது காலில் சர்க்கரைப் புண் அழுகி மேலே ஏறிக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம்.

டாக்டர் வந்தார். சின்ன வயது. தூங்கி ரொம்ப நாளான கண்கள். என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டு, "நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது" என்று தொடங்கினார். அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டது.

"முழங்காலுக்குக் கீழ இன்னிக்கு எடுத்தாகணும். விட்டா விஷம் ரத்தத்துல ஏறிடும். அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அவர் தெளிவா இருந்தா அவரையே கேட்டிருப்போம். அவர் தெளிவா இல்ல. அதனால அக்காவோட கையெழுத்து வேணும். அவங்க வேண்டாங்கறாங்க. வேண்டாங்கறாங்கன்னு நினைக்கறேன். எதுவும் பேச மாட்டேங்கறாங்க."

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாவிட்டால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"அவர் தெளிவா இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"காலை எடுக்கலாமான்னு கேட்டேன், தலையாட்டினார். எடுக்க வேண்டாமான்னு கேட்டேன், அதுக்கும் தலையாட்டினார்."

"நீ பேசறது தெரியுது, அதான் ஆட்டறான்" என்றாள் பெரியம்மா, கைப்பையிடம். "ஒரு ஆள் பேசும்போது சும்மா இருக்கலாமா? மரியாதை தெரிஞ்சவன்."

"அவருக்குக் காது கேக்காது டாக்டர். மிஷின் வச்சிருப்பாரே?"

காது மிஷின் எதுவும் வரவில்லை என்றார் நர்ஸ். அவசரத்தில் சட்டையை வெட்டி எடுத்தபோது அதோடு போயிருக்கலாம் என்றார். டாக்டர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் ஓர் உறையிலிருந்து தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைப் பாருங்க. டி போடறார், ஆர் போடறார், டபிள்யூ. நடுவுல நாலுன்னு ஒரு நம்பர். அப்புறம் தலைகீழா ஏதேதோ. ஆக்ஸிஜன் குறைஞ்சா இப்படித்தான் எழுத்து சிதறும்."

"இது டி இல்ல, 'அ'. இது ஆர் இல்ல, 'எ'. அந்த நாலு நாலே இல்ல, 'ஸே'. இது செரோக்கி. உங்க வாசல்லேர்ந்து கூப்பிட்டா கேக்கற தூரத்துல எங்க நாடு இருக்கு. உங்ககிட்ட போன்ல மொழிபெயர்க்க நாப்பது மொழிக்கு ஆள் இருக்குன்னு கீழ நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. எதிர்வீட்டுக்காரன் மொழி மட்டும் இல்ல."

இந்த எழுத்தைத் தனியாக உட்கார்ந்து உண்டாக்கிய மனிதரையே அந்தக் காலத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். இருநூறு வருஷம் ஆகியும் அதே வியாதிதான் எங்களுக்குச் சொல்கிறார்கள். அதையும் சொல்ல வாயெடுத்தேன். டாக்டருக்குக் காது வரை சிவந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

"உங்களால படிக்க முடியுமா?" என்றார்.

முடியும். புரியுமா என்று அவர் கேட்கவில்லை.

மாமா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா தன் நாற்காலியை என் பக்கத்துக்கு இழுத்தாள். எங்கள் எழுத்தில் ஒரு குறிக்கு ஒரு முழு ஒலி. அர்த்தம் தெரியாமலேயே வாய்விட்டு வாசித்துவிடலாம். முதல் தாளை எடுத்தேன். நான் பழகியது அச்சு எழுத்து. மாமாவுடையது சர்ச் ஆட்களின் பழைய கையெழுத்து, அதுவும் படுத்தபடி, ஊசி குத்திய கையால் எழுதியது. ஒவ்வொரு குறியாகக் கொத்திக் கொத்தி வாசித்தேன்.

"ஏண்டி, போன்ல 'ஒன்றை அழுத்தவும்'னு சொல்ற பொம்பள மாதிரி வாசிக்கற? ஏத்தி இறக்கி வாசி."

"எங்க ஏத்தணும் எங்க இறக்கணும்னு எழுதலயே."

"அதெல்லாம் எழுத மாட்டாங்க. தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வாசிச்சுக் காட்டறேன்?"

"சரி, திரும்பச் சொல்லு. இப்ப சொன்னியே, அப்படி ஒரு வார்த்தையே கெடையாது."

"இங்க 'ல'ன்னு இருக்கு பெரியம்மா."

"லவா இருக்காது. வேற ஏதாவதா இருக்கும், நல்லாப் பாரு."

இரண்டு எழுத்துகள் டபிள்யூ மாதிரியே இருக்கும். ஒன்றுக்கு ஒரு சுழி கூடுதல். தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தேன். சுழி இருந்தது. "த" என்றேன். முழுவதையும் மறுபடி சொன்னேன். பெரியம்மாவின் முகம் விரிந்தது. பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என் காது சட்டைப் பையில இருக்குங்கறான். சட்டைய எவன் வெட்டினான், அது நல்ல சட்டைங்கறான்."

நர்ஸும் சிரித்துவிட்டார். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது தாள் சுலபமாக வந்தது. எனக்கு அவருடைய கை பழகிக்கொண்டிருந்தது, பெரியம்மாவுக்கு என் வாய் பழகிக்கொண்டிருந்தது.

"இந்த நர்ஸ் நல்ல பொண்ணு, ஆனா கை ஐஸ் மாதிரி இருக்குங்கறான்."

"என் கையா?" என்று நர்ஸ் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்புறம்..." பெரியம்மா நிறுத்தினாள். "ஜின்ஸி சாப்பிட்டாளான்னு யாராவது கேளுங்கங்கறான். அந்த நாற்காலியிலேயே கெடக்கறாங்கறான்."

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அதுவும் இப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாவது தாள் நீளம். பக்கம் முழுக்க எழுதி, ஓரத்தில் திருப்பியும் எழுதியிருந்தார். அதில் 'கால்' இருந்தது. உடம்பின் உறுப்புகள் இரண்டாம் பருவத்திலேயே படித்தாயிற்றே, கண்டுகொண்டேன். மாமா என்ன எழுதியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஆட்களின் கால்களை இவர்கள் விறகு மாதிரி வெட்டுகிறார்கள். சர்ச்சில் எத்தனை சக்கர நாற்காலி. மாமா மானஸ்தர், முழுசாகப் போகத்தான் நினைப்பார். நான் அதை ஓங்கி வாசித்து இந்த டாக்டரின் முகத்தில் அறைய வேண்டும்.

ஓங்கித்தான் வாசித்தேன். ஓரத்துக் கடைசி எழுத்து வரைக்கும்.

பெரியம்மா இந்தத் தடவை ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை.

"என்ன சொல்றார்?" டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

"வேணாங்கறான்" என்றாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கங்கறான்."

"கேட்டீங்களா?" நான் எழுந்து நின்றுவிட்டேன். "புத்தி கலங்கின ஆளா இப்படி எழுதுவார்? இத்தனை நாளும் அவர் தெளிவாச் சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கார். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

டாக்டர் சண்டைக்கு வரவில்லை. முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "அவர் விருப்பம் அதுன்னா நாங்க மீற முடியாது. வலி தெரியாம பாத்துக்குவோம். ரொம்ப நாள் இருக்காது. நாளைக்கோ மறுநாளோ... வீடு வரைக்கும் தாங்குமான்னு தெரியல."

நான் ஜெயித்துவிட்டேன். பெரியம்மா மூன்றாவது தாளை என் கையிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்தாள். கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு, கொக்கியை அழுத்தினாள். மற்ற இரண்டு தாள்களை அவள் தொடவே இல்லை.

கட்டில் கம்பியில் டங் என்று சத்தம். மாமா விழித்திருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. கண் கைப்பையின் மேல் இருந்தது. விரல் முட்டியால் கம்பியை மறுபடி தட்டினார்.

"தூங்குடா" என்று பெரியம்மா அவர் காதருகே குனிந்து சொன்னாள். கேட்காத காது. அவர் தலையாட்டவில்லை. காற்றில் எழுதிக் காட்டினார். நர்ஸ் தாள் செருகிய அட்டையையும் பேனாவையும் கொடுத்தார். நாலைந்து வார்த்தை எழுதி அட்டையை என் பக்கம் திருப்பினார், அக்கா பக்கம் இல்லை.

வாசித்தேன். பெரியம்மா அந்தத் திறக்காத ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, என்ன சொல்றார்?"

"கேக்கல. ஒரே சத்தமா இருக்கு இங்க."

அறையில் மூச்சு மிஷின் சத்தம் மட்டும்தான் இருந்தது. மறுபடி வாசித்தேன், இன்னும் உரக்க. அவள் திரும்பவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்து என் கண் முன்னால் இருக்கிறது. ஒலி என் வாயில் இருக்கிறது. அர்த்தம் முழுக்க அந்தக் கிழவியின் காதில் இருக்கிறது, அவள் காதை மூடிக்கொண்டாள். நாலு வருஷம் படித்து நான் ஒரு ஒலிபெருக்கி ஆகியிருக்கிறேன்.

அட்டையை வாங்கினேன். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் கேட்க வேண்டும். 'கால்' என்று எழுதினேன். வெட்டு என்பதற்கு வார்த்தை தெரியவில்லை, அதனால் ஒரு காலை வரைந்து முழங்காலுக்குக் கீழே கோடு போட்டு ஒரு ரம்பத்தையும் வரைந்தேன். கால் சோளக்கதிர் மாதிரி வந்தது. அதற்குக் கீழே இரண்டு பதில்கள். இந்தப் பக்கம் 'ஆமாம்': ᎥᎥ. அந்தப் பக்கம் 'இல்லை': Ꮭ.

மாமா என் எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பலகைக்கு அடுக்குகிற மாதிரி விறைப்பாக நிற்கும் எழுத்து. குழாய்க்கு மேலே கண் சுருங்கியது, சிரிக்கிறார். பேனாவை வாங்கி என் சோளக்கதிருக்கு முதலில் ஐந்து விரல் போட்டார். பிறகு ᎥᎥ மேல் பேனாவை வைத்து அழுத்தினார். தாள் கிழிந்தது.

"இது என்ன, ரெண்டு ஐ?" என்றார் டாக்டர்.

"ஆமாம்னு அர்த்தம்" என்றேன்.

"மாத்திக் கேளுங்க. ப்ளீஸ். எல்லாத்துக்கும் ஆமாம் சொல்றாரான்னு பாக்கணும்."

வேறு தாளில் முழுக் கால் ஒன்றை வரைந்து, பக்கத்தில் ஒரு வீட்டை வரைந்து, அதே இரண்டு பதிலையும் எழுதினேன். மாமா வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் Ꮭ மேல் போய் நின்றது.

பெரியம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

நடைபாதையில், காசு போட்டால் சோடாவும் பிஸ்கட்டும் தள்ளுகிற மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். கத்தவேண்டும் என்றுதான் போனேன். 'அவரைக் கொல்லப் பாத்தியே' என்பது வரை வாயில் இருந்தது. அவள் கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"எங்கப்பாவுக்கு மொதல்ல வெரல எடுத்தாங்க" என்றாள். "அதோட சரின்னாங்க. அப்புறம் பாதம். அதோட சரின்னாங்க. அப்புறம் முட்டி வரைக்கும். அப்புறம் இன்னொரு கால். ஒவ்வொரு தடவையும் நான்தான் துடைச்சுக் கட்டு மாத்தினேன். ஈனஸ் பட்டாளத்துல இருந்தான், உங்கம்மா குழந்தை. கடைசில பெட்டிய நாலு பேர் தூக்க வந்தாங்க, ரெண்டு பேர் போதும்னு அனுப்பிட்டோம். மறுபடியும் என்னால அதைப் பண்ண முடியாதுடி. வேணாம்னு எழுதியிருப்பான்னு நெனைச்சுத்தான் உன்னக் கூப்பிட்டேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"நீ வாசிக்க வாசிக்க, அவனே வந்து பேசற மாதிரி இருந்துச்சு. கொத்திக் கொத்தி வாசிக்கறவ நீ, அதுல அவன் குரல் எப்படி வந்துச்சுன்னு தெரியல."

கைப்பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினாள். "வாசி. இந்தத் தடவை ஒழுங்காச் சொல்றேன்."

சோடா மிஷினின் வெளிச்சத்தில் வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன். அவள் சொன்னாள்.

"கால எடுக்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு நடந்தது எனக்குத் தெரியும். பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இன்னும் சாக இஷ்டமில்ல. தோட்டத்துல உழுது வச்சிருக்கேன், வெதைக்கல." ஓரத்துக்குத் தாளைத் திருப்பினேன். பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜின்ஸி வேணாம்னு சொல்லுவா. அவள யாரும் ஏசாதீங்க. அவதான் அப்பாவப் பாத்துக்கிட்டவ."

நான் ஏசவில்லை. சோடா மிஷினில் காசு போட்டு அவளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்றபடி தின்றாள். வேண்டாம் என்று மாமா எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும், நல்ல சண்டை ஒன்று கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை.

"எடுக்கட்டும்" என்றாள் பொட்டலத்தைக் கசக்கியபடி. "ஆனா ஒண்ணு. எங்கப்பாவோடதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. எரிச்சாங்களா, குப்பையில கொட்டினாங்களா? கேட்டதுக்கு மொறைச்சாங்க. இந்தக் கால் எனக்கு வேணும். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். "கால் எங்களுக்கு வேணும். புதைக்கணும்."

டாக்டர் கண்ணைக் கொட்டினார். "கேட்டுப் பாக்கறேன். குடுக்கலாம்னுதான் நினைக்கறேன். அதுக்குத் தனியா ஒரு கையெழுத்து வேணும்."

கையெழுத்து வாங்க ஓர் அம்மாள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். மாமாவைப் பார்த்தார், அட்டையில் இருந்த செரோக்கியைப் பார்த்தார், என்னிடம் தழைந்த குரலில், "கஷ்டப்பட வேண்டாம்மா. ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்க, போதும். நான் சாட்சி போட்டுக்கறேன்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"எழுதத் தெரியாதவங்கதான் பெருக்கல் குறி போடுவாங்க. அவருக்கு எழுதத் தெரியும்."

"இல்ல, இது... கம்ப்யூட்டர்ல ஏத்தணுமே. இது செல்லுமான்னு..."

"செல்லும்" என்றார் டாக்டர், திரும்பிப் பார்க்காமல். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எனக்குச் சொன்னதில் பாதியை மன்னித்தேன்.

மாமா தன் பெயரை எழுதினார். கோட்டுக்கு மேலே, பெரிதாக, நிதானமாக, பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுகிற மாதிரி. நர்ஸ் பேசாமல் போய்ப் பலகையில் இருந்த 'குழப்பம்' என்பதை விரலாலேயே அழித்தார்.

கால் போனது. மாமா இருந்தார்.

சனிக்கிழமை நாங்கள் காலைப் புதைத்தோம். ஆஸ்பத்திரியில் மூடி முத்திரை வைத்துக் கொடுத்த டப்பாவை, மீன் பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெரியம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சர்ச் ஆட்கள் தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில், மாமாவுக்கென்று விட்டிருந்த இடத்தில், கால்மாட்டில் சின்னதாகக் குழி எடுத்திருந்தார்கள். இவ்வளவு சின்னக் குழிக்கு ஏழு பேர் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். பாட்டுக்கு முதல் அடி எடுக்க ஆள் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெரியம்மா எடுத்தாள். புத்தகம் கொண்டுவரவில்லை. அப்புறம் எல்லாரும் பன்றிக்கறியும் பீன்ஸும், காட்டு வெங்காயம் போட்ட முட்டையும் தின்றோம். அம்மா ஷிப்ட் முடிந்து நேராக ஆலைச் சீருடையிலேயே வந்து இரண்டு தட்டு தின்றாள்.

தட்டுகளை ஒதுக்கிவிட்டு பெரியம்மா என்னை உட்காரச் சொன்னாள். "பேனா எடு. அவனுக்கு எழுதணும்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒலி அவளுடையது, எழுத்து என்னுடையது, அர்த்தம் எனக்கு இல்லை.

"மெதுவாச் சொல்லு பெரியம்மா."

"இதுக்கு மேல மெதுவாச் சொன்னா நானே குழிக்குள்ள போயிடுவேன். எழுதுடி."

மறுநாள் மாமாவின் தொண்டையில் குழாய் இல்லை. குரல் இன்னும் வரவில்லை. காது மிஷினும் வரவில்லை. நான் தாளைக் கொடுத்தேன். உதட்டை அசைத்தபடி வாசித்தார். பாதியில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. மிஷின் ஒன்று கீச்சென்று கத்த, நர்ஸ் ஓடி வந்தார். மாமா கண்ணீர் வழிய கையை ஆட்டி அவரை நிறுத்தினார்.

"என்ன சொன்ன பெரியம்மா, அதுல?"

"ஒண்ணுமில்ல. உன் எடத்துல நீ கொஞ்சம் போயாச்சு, மீதி எடம் காலியாத்தான் இருக்கு, அவசரம் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

மாமா அட்டையைக் கேட்டு வாங்கி எழுதினார். ஒரே வரி. நான் வாசித்தேன். இப்போது ஏற்றம் இறக்கம் கொஞ்சம் வந்திருந்தது, பெரியம்மா திருத்தவில்லை. கேட்டுவிட்டு வாயைப் பிளந்தாள்.

"என்னவாம்?"

"வெறுங்காலோடயா பொதைச்சீங்கன்னு கேக்கறான். இடது கால் பூட்ஸ் என்னாச்சுங்கறான்."

மாமா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு மண்வெட்டி வந்தது, பன்றி வந்தது, பாட்டு வந்தது. பூட்ஸை யாருமே நினைக்கவில்லை.

பெரியம்மா நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள்.

"எழுதுடி" என்றாள். "சண்டைக்கு வர்ற ஆளப் பாரு. அந்த ஒத்த பூட்ஸுல வெங்காய நாத்து வைக்கப் போறேன்னு எழுது."